குறட்டைக்கும் நன்றி

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் பள்ளிச் சமையற்காரியான வெர்னா எழுதிய பாடலை ஒரு பிரபல பாடகி பாடியிருந்தாள். காலைக் காப்பிக்கும், கணவனின் குறட்டைக்கும், தவறாமல் கிளம்பும் பழைய டிரக்குக்கும் நன்றி சொல்லும், கிராமிய மணம் கொண்ட கன்ட்ரி பாடல் அது. அந்த வாரம் அது முதலிடம் பிடித்ததா என்று சனிக்கிழமை காலை வானொலியில் அறிவிப்பார்கள். அவர்கள் வீட்டருகே வானொலி தெளிவாகக் கேட்பது டிரக்கில் மட்டும்தான்.

அன்றைக்கென்று பேட்டரி செத்துக் கிடந்தது.

"ஊரெல்லாம் புகழ்ந்து பாடிட்டேல்ல, அதான் வண்டிக்குத் தலைக்கனம்!" என்றான் கணவன் ஹாலிஸ்.

"வாயடிக்காம தள்ளு!" என்றபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள் வெர்னா.

பக்கத்து வீட்டு ஓட்டிஸ் வாயில் பிஸ்கட்டோடு ஓடிவந்தான்.

"பாட்டுல என் பேரு இருக்காக்கா?"

"இப்பத் தள்ளினா அடுத்த பாட்டுல உண்டு!"

இருவரும் தள்ள, டிரக் சரிவில் உருண்டது. வெர்னா கிளட்சை விட்டாள். எஞ்சின் இருமிக்கொண்டு உறுமியது, வானொலியும் உயிர்பெற்றது. இரண்டாமிடம் வேறொரு பாடலுக்கு என்றார் அறிவிப்பாளர். அடுத்த நொடியில் அவளுடைய பாடலின் கிதார் ஒலித்தது.

நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும், பாட்டும் போய்விடும். ஆகவே, சரிவின் அடியிலிருந்த தேவாலயத் திடலையே அவள் ஹாரனை அலறவிட்டபடி சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!" என்று மூச்சிரைக்கத் துரத்தினான் ஹாலிஸ்.

"முதலிடம்! ஏறு, ஏறு! உன் குறட்டை வரப்போகுது!"

ஹாலிஸ் பின்பக்கம் தாவி ஏறினான். குறட்டை வரி வந்ததும், பாடகியைவிட உரக்கப் பாடினான்.