மூன்று சொட்டு மயில் இங்க்

பேனாவின் கழுத்தைப் பல்லால் கடித்துத் திருகும்போது நாக்கில் படுமே மையின் கசப்பு, அது நினைத்தால் இப்போதும் வாயில் வந்து நிற்கிறது. வேப்பம்பட்டில் நாங்கள் பத்தாவது படித்த வருடம் வகுப்பில் எல்லோருக்கும் உதடு நீலம். எனக்கு மட்டும் கடைசி மூன்று வாரம் மயில் கழுத்து நிறம். பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வந்த அப்பா ஒரு நாள் வாங்கிவந்த அந்தச் சின்னப் புட்டியின் மேல் அச்சடித்திருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால், ‘மயில் இங்க்’ என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஈரத்தில் சாதாரண நீலம்போலத்தான் இருந்தது. காயக் காயப் பச்சை எட்டிப்பார்த்தது. அந்தப் பக்கம் முழுக்க என் பெயரையே எழுதி நிரப்பினேன். “பரீச்சைக்கு மட்டும் இத்த எடுத்துகினு போவாத, அங்க நீலம், கறுப்பு ரெண்டுதான்” என்று அப்பா அன்றே சொல்லிவைத்தார்.

எங்கள் பெஞ்சில் யாராவது இங்க் தீர்ந்துபோய்ச் சொட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. பேனாவைத் திறந்து அவர்கள் பேனாவுக்குள் மூன்று சொட்டு விட்டுவிட வேண்டும். அந்தச் சட்டத்தை நான்தான் மீறினேன். ஆறாவதிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த தேவி, அந்த மூன்று வாரத்தில் நாலைந்து முறை மயில் இங்க் கேட்டாள். “தீந்துடும்டி” என்று ஒவ்வொரு முறையும் மூடியை இறுக்கினேன். அற்பத்தனம், வேறென்ன.

தேவிக்கு நர்ஸுக்குப் படிக்க ஆசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “ஒரு பாடத்துல போனாலும் எக்ஸ்போர்ட்டுக்குப் போய்ட்ணும்.” ‘எக்ஸ்போர்ட்’ என்றால் துணி தைக்கிற கம்பெனி. காலை ஏழு மணிக்கு வேன் வந்து எங்கள் தெரு அக்காக்களை அள்ளிக்கொண்டு போகும்.

கணக்குப் பரீட்சையன்று தேவி குழாயடியிலிருந்து ஓடிவந்தாள். விரலெல்லாம் ஈர நீலம். பேனா ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இங்க் காலிடி. மயில்ல மூணு சொட்டு உடு.”

“அது கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு.”

“அத்துவும் நீலம் மாரிதானே கீது.”

என் பையில் எழுதுவதற்கு ஒரு நீலப் பேனாவும், ராசிக்கென்று எடுத்துப்போன மயில் பேனாவும் இருந்தன. நீலத்தில் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு என் மை போதாமல் போய்விட்டால் என்ற பயத்தில் சொல்லவில்லை. மயிலைத் திறந்து மூன்று சொட்டு விட்டேன். அவள் பேனாவை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்ததால் இன்னும் கொஞ்சம் விட்டேன்.

நிப்பில் தங்கியிருந்த பழைய மையால் முதல் பக்கம் நீலமாகவே வந்திருக்கிறது. இரண்டாவது பக்கத்திலிருந்து மயில். மேற்பார்வைக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த டீச்சர் அவள் விடைத்தாளைத் தூக்கிப் பார்த்ததையும், இன்னும் இரண்டு பேர் வந்து பக்கங்களைப் புரட்டியதையும் இரண்டு பெஞ்சு தள்ளியிருந்து பார்த்தேன். இரண்டு நிறத்தில் எழுதினால், திருத்துகிறவருக்கு அடையாளம் காட்டுகிறாள் என்று அர்த்தமாம். “யாரு குடுத்த இங்க்?” என்று கேட்டார்கள். “என்னுதுதான் மிஸ்” என்றாள் தேவி. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என் தாளையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அதை முழங்கையால் அணைத்துக்கொண்டேன். அவளிடம் ஏதோ எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கையில் கொடுத்துத் தாளைத் திருப்பித் தந்தபோது மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

ரிசல்ட் வந்தபோது தேவிக்குக் கணக்கில் போய்விட்டது. மறு வாரமே அவள் வேனில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

இருபது வருடம் ஓடிவிட்டது. நாங்கள் நிப்பு வாங்கிய ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. பேனாவுக்கு மை ஊற்றுவோம் என்றால் என் மகள் எதற்கு என்று கேட்கிறாள். போன மாதம் அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். மெஷினை விட்டு எழுந்து வந்தவள் தேவி.

“இன்னாடி, ஆளே காணோம்” என்று டேப்பை எடுத்து என் தோளில் வைத்தாள். முதுகுப்பக்கம் அவள் நின்றதால்தான் எனக்குப் பேச வந்தது.

“அன்னிக்கு நான் உனக்கு நீலம் குடுத்திருக்கணும் தேவி.”

டேப் நின்றது.

“என் பேனா ரொம்பி இருந்துச்சுடி. குழாயாண்ட கொட்டிட்டுதான் உன்னாண்ட வந்தேன். மத்த நாள்ல கேட்டா நீ குடுக்கல. பரீச்சன்னா குடுப்பேன்னு தெரியும்.”

அவள் அளவைக் குறித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

“மீதி இங்க்க இன்னா பண்ணே?”

“அன்னிக்கு சாயங்காலமே சாக்கடையில கொட்டிட்டேன்.”

“மொத்தத்தையுமா?” என்றாள்.