வின்னி காரில் போன ஓட்டு

வின்னி ரோத்வெல் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் நகராட்சியை நடத்தினாள். கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ரிப்பன் வெட்டுகிற மேயர் வேறு ஆள். திட்டு வாங்குகிற தலைவர் பதவி இவளுடையது. பஸ் கண்டக்டராக இருந்தவள், வாய்க்குக் கேட்கவா வேண்டும்? சனிக்கிழமை காலையில் என் சலவைக்கடையில் உட்கார்ந்துகொண்டு, கூரை ஒழுகுகிறது, குப்பை அள்ளவில்லை என்று வருகிறவர்களின் குறை கேட்பாள். வாடகைக்குப் பதில் என் டீயைக் குறை சொல்வாள்.

கடைசியாக, நிதி இல்லையென்று எங்கள் வார்டு நீச்சல் குளத்தை மூடினாள். எனக்கே வயிறு எரிந்தது. என் பிள்ளைகள் நீந்தப் பழகிய இடம் அது! அடுத்த மாதமே தேர்தல். வார்டில் தோற்றால் தலைவர் பதவியும் போய்விடும்.

ஓட்டு நாளன்று நல்ல மழை. நடக்க முடியாதவர்களை வின்னி தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நானும் கூட இருந்தேன். பஸ் நிறுத்தத்தில் செட்ரிக் பூத் கைத்தடியோடு நின்றார். குளத்துக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய கிழவர். வண்டியை நிறுத்தினாள்.

"ஏறுங்க பெரியவரே."

"உனக்கு எதிராத்தான் போடப் போறேன் அம்மணி. இப்பவே சொல்லிட்டேன்."

"போடுங்க. முதல்ல கதவைச் சாத்துங்க, குளிருது."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அவள் காதைக் கடித்தேன். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

திரும்பத் திரும்ப எண்ணினார்கள். ஒரே ஓட்டில் தோற்றாள். "நீயே கொண்டுபோய் இறக்கிவிட்டியே!" என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அங்கே சிரித்தவள் என் அடுப்படியில் வந்து அழுதாள்.

சனிக்கிழமை பழக்கதோஷத்தில் கடைக்கு வந்தாள். வாசலில் செட்ரிக்.

"இனி எங்கிட்ட என்ன இருக்கு? பதவிதான் போச்சே!"

"அதான் வந்தேன். குளத்தைத் திறக்கணும். எந்தச் சட்டத்தைக் காட்டி மூடினதுன்னு உனக்குத்தானே தெரியும்?"

வின்னி அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு டீ போடு. கழனித் தண்ணி மாதிரி போடாதே" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

நகராட்சியோடு மல்லுக்கட்டி, அடுத்த கோடையில் ஊர்க்காரர்களே நடத்தும் குளமாக அதைத் திறந்தார்கள். டிக்கெட் ஜன்னலில் வின்னி. முதல் ஆளாக செட்ரிக் துண்டோடு நின்றார்.

"அடுத்த தேர்தல்ல நிக்கட்டுமா பெரியவரே? ஓட்டுப் போடுவீங்களா?"

"மாட்டேன் அம்மணி. நீ ஜெயிச்சுப் போயிட்டா குளத்தை யார் பாத்துக்கறது?"