பதினொன்று ஐம்பதுக்குரிய வரி

எதையும் நேரம், திகதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் அப்பியாசக் கொப்பியைக் காட்டுவதுண்டு. அதன் முதற் பக்கத்தில் ‘ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூன்றாம் நாள், திங்கள்’ என்று இருக்கிறது. திகதி இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. நிமிடக் கணக்கில் நேரம் எழுதியவளுக்கு, எந்த மாதம், எந்த வருடம் என்பதெல்லாம் எல்லோருக்கும் எப்போதும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

கொப்பி திறக்கப்பட்டது என் மூத்த சகோதரி ராத்தாவின் வழக்குக்காக. உயர்தரப் பரீட்சை எழுதியிருந்த ராத்தாவுக்கு, மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் நில அளவை படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கலியாணம் முடித்த பிறகும் உம்மாவின் வளவை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். அப்படியிருக்க, கலியாணமும் இல்லாமல் ஒருத்தி நான்கு வருடம் மலையில் போய் இருப்பதை உம்மாவால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. பக்கத்திலுள்ள ஒலுவில் வளாகத்தில் வேறு ஏதாவது படித்தால், காலையில் பஸ் ஏறி, பின்னேரம் அஸர் தொழுகைக்கு வீடு வந்துவிடலாம்.

“காடு மலை ஏறி அளக்கிற வேலை. இவ முத்தத்தக் கூட்டி முடிக்கவே மூணு தரம் குந்துறவ,” என்றார் உம்மா.

உம்மாவின் மூத்த சகோதரரான மாமா கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்தார். எந்தச் சண்டையையும் பயணமாக மாற்றிவிடும் திறமை அவருக்கு உண்டு. “அப்ப நடத்திப் பாப்பமே தங்கச்சி. பெருநாள் லீவுதானே,” என்றார்.

வாப்பா கணித ஆசிரியர். வீட்டிலும் விடை சரியா பிழையா என்று மட்டும்தான் சொல்வார். இந்த விடயத்தில் அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் இதுதான். பாணமைக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று பாறைகளையும் ஏறிக் கடந்து, அப்பாலுள்ள மணலில் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். ராத்தா சுமையோடு நடக்க வேண்டும். யாருடைய கையையும் பிடிக்கக் கூடாது, வழியில் எங்கும் குந்தி இருக்கக் கூடாது. நடந்து முடித்தால் உம்மா மறுபேச்சுப் பேசமாட்டார். முடிக்காவிட்டால் ஒலுவில். சாட்சிக்கு உம்மாவும் வருவார். எழுதுகிற வேலை எனக்கு.

“ஒண்டும் விடாம எழுதோணும் மகள்,” என்றார் உம்மா.

கல்முனை என்று பெயர் இருந்தாலும் எங்கள் ஊர்க் கடற்கரையில் நான் மணலைத்தான் கண்டிருக்கிறேன். கரையரிப்புக்குக் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்லை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பாறையில் நடப்பது ராத்தாவுக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்கும் புதிது.

சுமை என்னவென்பதிலும் உம்மா விட்டுக்கொடுக்கவில்லை. “பெருநாள் சோத்தப் பார்சல்ல திங்கிறதா?” என்று கேட்டு, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டையே வேனில் ஏற்றியிருந்தார். அதைத் துவாயால் ராத்தாவின் முதுகில் கட்டினோம். சோற்றுச் சட்டி மாமாவுக்கு.

“ஆமையப் போல இரிக்கி மருமகள்,” என்றார் மாமா.

“ஆமைக்கு ஆரும் கை குடுக்கிறல்லையே மாமா,” என்றாள் ராத்தா.

9.40க்கு நடக்கத் தொடங்கினோம். பாறைகள் யானை முதுகுபோல் வழுவழுவென்று ஏறி, கடற்பக்கம் திடீரென்று முறிந்து விழுந்தன. இடையிடையே அலை புகுந்து திரும்பும் பிளவுகள். உம்மா அபாயாவின் ஓரத்தை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, இறப்பர்ச் செருப்போடு எல்லோரையும்விட நன்றாக நடந்தார். கொப்பியில் அந்த ஒரு மணித்தியாலம் இப்படி இருக்கிறது: ‘10.20 முதல் பாறை முடிந்தது. 10.35 மாமா இருந்தார். 10.50 மாமா இருந்தார். 11.05 மாமா படுத்தார்.’

ராத்தா ஒரு தடவையும் இருக்கவில்லை.

இரண்டாவது பாறையிலிருந்து இறங்கும்போது ராத்தா முன்னால் போய்விட்டாள். எழுதுகிறவள் என்பதால் நானும் அவள் பின்னால். பெரியவர்கள் பாறையின் மறுபக்கத்தில் மாமாவை மறுபடியும் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நனைந்த சப்பாத்து வழுக்குகிறது என்று ராத்தா அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நாலாவது எட்டில் பச்சைப் பாசியில் கால் வைத்தாள். சஹன் கல்லில் மோதிய சத்தம் பெரிதாகக் கேட்டது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பி ஓடு அவளுடைய உள்ளங்காலைக் கிழித்திருந்தது. அவள் குந்தியிருந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். “இத எழுதாத புள்ள.”

“எழுதிட்டன். பதினொண்டு அம்பது. ராத்தா விழுந்தா, இருந்தா, அழுதா, காலில ரெத்தம்.”

“அழுதத்தையும் எழுதினியா?”

“ஒண்டும் விடாம எழுதச் சொன்ன உம்மாதானே.”

“பெரிய நீதவான் நீ,” என்றாள். கைலேஞ்சியால் காலை இறுகக் கட்டி, அதன்மேல் சப்பாத்தைப் போட்டாள். கல்லில் இருந்த இரத்தத்தைக் கடல் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவினாள். முழுவதும் போகவில்லை. பெரியவர்கள் வந்தபோது எழுந்து நின்றிருந்தாள்.

“என்ன சத்தம்?” என்றார் மாமா.

“தட்டுக் கல்லில பட்ட.”

அது உண்மைதான் என்பதால் நான் தலையிடவில்லை.

மூன்றாவது பாறைக்கு அப்பால் மணலில் இறங்கியபோது 12.25. நண்பகல் தொழுகையான ளுஹருக்கு நேரமாகிவிட்டது, வுழு எடுத்துத் தொழுதுவிட்டுச் சாப்பிடுவோம் என்றார் உம்மா. வுழு என்றால் முகம், கை மட்டுமல்ல, காலும் கழுவ வேண்டும். கால் கழுவ வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்.

“நாம பிரயாணிகள்தானே,” என்றாள் ராத்தா. “ளுஹர அஸரோட சேத்துத் தொழலாமே.”

தூரப் பயணம் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. எவ்வளவு தூரம் போனால் ஒருவர் பிரயாணி என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கணக்குகள் பேசப்படும், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. வாப்பா எப்போதும் பெரிய கணக்கின் ஆள். உறவினர் கலியாணத்துக்குப் பொத்துவில் போன சமயங்களில், எத்தனை பேர் சலுகை கேட்டாலும் முழுமையாகவே தொழவைத்தார். அன்று காலையில் எங்கள் வாசலிலும், பிறகு வேன் நின்ற இடத்திலும் நான் மீற்றரைப் பார்த்து எழுதியிருந்தேன். அங்கேயே கழித்துப் பார்த்தேன்.

“பெரிய கணக்குக்குத் தூரம் காணாது வாப்பா,” என்றேன்.

வாப்பா கொப்பியைக் கையில் வாங்கினார். கழித்தலைச் சரிபார்ப்பதற்குத் தேவையானதைவிடக் கூடுதல் நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னக் கணக்குக்குக் காணும்,” என்றார். “அதுவும் படிச்சவங்க சொன்ன கணக்குத்தான். அஸரோட சேத்துத் தொழுவம்.”

“மச்சான், நீங்களா இதச் சொல்லுற?” என்றார் மாமா.

“நான்தான்.”

உம்மா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றுச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். சஹனின் ஓரத்தில் ஒரு பக்கம் நன்றாக நெளிந்திருந்தது. உம்மா தட்டைச் சுற்றி, நெளிந்த பக்கம் தன் முன்னால் வரும்படி வைத்துக்கொண்டு சோற்றைக் கொட்டினார். ராத்தாவின் பக்கம் இறைச்சி கொஞ்சம் கூடவே விழுந்தது.

திரும்பும் நடை மூன்று மணித்தியாலம். ராத்தா இடையில் இருக்கவில்லை. யாருடைய கையையும் பிடிக்கவில்லை. மாமா ஏழு தரம் இருந்தார், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. வேனில் வீடு திரும்பும் வழியில், பொத்துவிலில் பெண்கள் தொழும் இடத்தில் உம்மா என்னையும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “முதல்ல நீ போய் வுழு எடுத்திட்டு வா,” என்று ராத்தாவைத் தனியே அனுப்பினார். நெருக்கடி ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து பைப்பும் சும்மாதான் கிடந்தன.

தொழுதுவிட்டு ஒரு தேநீர்க் கடையில் இருந்தபோதுதான், “கொப்பிய வாசிங்க,” என்றார் உம்மா.

வாப்பா வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்தார். மாமா இருந்தது, இருந்தது, படுத்தது. மாமாவே சிரித்தார். ராத்தா பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி வாப்பாவின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் 11.40க்கு வந்தது. அடுத்ததாக வாப்பா, “பன்னிரண்டு இருபத்தைந்து, மூன்றாவது பாறை முடிந்தது,” என்றார்.

“ஒரு வரிய விட்டுட்டீங்க வாப்பா,” என்றேன். “பதினொண்டு அம்பது.”

“எழுத்து விளங்கல்ல.”

வகுப்பில் எழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். “என்ன விளங்கல்ல? தாங்க, நான் வாசிக்கிறன்.”

“காணும் மகள்,” என்றார் உம்மா. “வாப்பாக்கு விளங்காத எழுத்து எனக்கும் தேவல்ல.” பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, “எப்ப போகோணும்?” என்று கேட்டார்.

ராத்தா பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

நான் ஒரு மாதம் வரை வாப்பாவோடு சரியாகக் கதைக்கவில்லை. விடுபட்ட அந்த வரியை, யாருக்கும் விளங்கும்படி, அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில் இன்னொரு தரம் எழுதிவைத்தேன். இரண்டும் இன்றும் அழியாமல் இருக்கின்றன.

கொப்பியின் கடைசிப் பதிவு ராத்தா போன நாளுக்குரியது. பைகளை வேனில் ஏற்றி முடித்ததும், உம்மா கதவருகே வந்து ராத்தாவின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பஞ்சும், சீலைப்பட்டியும், காயத்துக்குப் போடும் மருந்தும். “பாசிக் கல்லில சப்பாத்தக் கழட்டிட்டு நடக்காத,” என்றார்.

அன்று பாறையில் ராத்தா சப்பாத்தைக் கழற்றியதைக் கண்டது நான் ஒருத்திதான் என்று நம்பியிருந்தேன். என் வரியில்கூட அது இல்லை. வேன் போன பிறகு கொப்பியை எடுத்து, நேரம் போட்டு, ‘உம்மாவுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை’ என்று எழுதினேன். விடை தெரிந்ததும் எழுதுவதற்காக, அதன் கீழே இரண்டு கோடு இடம் விட்டேன். அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது.