பிளையரில் முறுக்கிய நட்டு

எண்பதுகளின் கடைசியில், மாசமாக இருந்த என் மகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போக மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் ராஜபாளையம் வந்தார். கிளம்பும் முன் பின்சக்கர நட்டைப் பிளையரால் முறுக்கினார். அது வழுக்கி வழுக்கி நட்டின் முனையெல்லாம் மழுங்கியது.

"மாமாவோட ரிங் ஸ்பேனர் பொட்டியில கெடக்கு மாப்ளே. நட்டைச் சுத்திப் புடிக்கும், தரட்டுமா?"

"பிளையரே போதும் அத்தை. வண்டியப் பத்தி ஒங்களுக்கென்ன தெரியும்?"

ரோஷத்தில் பெட்டியைத் திறக்காமலே விட்டேன். அவர்கள் போன பிறகு வாசலில் நட்டிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் மினுங்கியது. நட்டு இறுகியிருக்காது என்று பட, ஸ்பேனரோடு பஸ் ஏறினேன்.

பாதி வழியில் இருவரும் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்து இறங்கினேன். "சக்கரம் ஆடுச்சும்மா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் மகள். அச்சு பாதி வெளியே வந்திருந்தது. என் கையில் ஸ்பேனர் இருந்தது, முறுக்க நட்டு இல்லை.

இன்றும் மாப்பிள்ளை வண்டியைத் தொட்டால், காப்பிக்கு முன்னால் ஸ்பேனரைக் கொண்டுபோய் வைக்கிறேன். தரட்டுமா என்று கேட்பதில்லை.