ஆவுரஞ்சிக் கல்லின் உபயகாரர்

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்து, அடியில் சீமெந்துக் கட்டுக் கட்டி, கறுப்புப் பளிங்கில் எழுத்தும் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். நான் மாட்டேன் என்று விட்டேன். எடுப்புப் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், எனக்கென்ன.

அது மாடு உரஞ்சுவதற்காக நட்ட கல். ஆவுரஞ்சிக் கல் என்போம். மாட்டுக்குக் கையா இருக்கிறது? முதுகு தினவெடுத்தால் தேய்க்க ஏதாவது வேண்டும். மரமே இல்லாத மேய்ச்சல் தரவையில் அந்தக் காலத்து மனிதர்கள் இப்படி ஒரு கல்லை நட்டு, பக்கத்தில் மாடு தண்ணீர் குடிக்கக் கேணியும் வெட்டி விட்டார்கள். ஊர் மாடுகள் எல்லாம் வந்து போகும் பொது இடத்தில்தான் அதை நடுவார்கள். தன்னுடைய வளவுக்குள் ஆவுரஞ்சிக் கல் நட்ட மனிதனை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சண்டிலிப்பாய்க்கு மேற்கே, கடலை ஒட்டிக் கிடந்த தரவையில் மாடு மேய்த்தவர்களில் மிஞ்சியிருந்தவர் என் பெரியம்மா ஒருவர்தான். பெரியப்பா சண்டைக் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். விட்டுப்போனது ஏழெட்டு மாடுகளும் ஒரு சைக்கிளும். விடியக் கறந்து வீடு வீடாகப் பால் கொடுப்பார். கொடுக்கிற வீடுகளில் அன்றைய பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே முழுக்க வாசித்து, அரசாங்கத்துக்கு இரண்டு ஏச்சும் கொடுத்துவிட்டுத்தான் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு தரவைக்குப் போவார்.

பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே தம்பி, என் மாமா. பால் விற்றுத்தான் பெரியம்மா அவரைப் படிப்பித்தார். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கு மாமாதான் செயலாளர். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார். என்னைக் கண்டால் சேட்டுப் பையிலிருந்து ஒரு ரொபி இனிப்பு வரும். தராமல் போன நாளே இல்லை. அதனால் மாமாவுக்குப் பிறகுதான் எனக்குக் கடவுள்.

அந்த வருடம் சுற்றாடல் பாடத்தைத் தரவையிலேயே நடத்தலாம் என்று மாமா சொன்னார். மாடு வளர்த்த வரலாற்றையும் தரவையின் இயற்கையையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ரீச்சருக்குப் பெரிய சந்தோஷம். பெரியம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம். பட்டிப்பொங்கலுக்குப் போல மாடுகளைக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, தானும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாகப் போனோம். என்னுடைய பெரியம்மா, என்னுடைய பெரியம்மா என்று பக்கத்துப் பிள்ளைகளின் காதைப் பிய்த்துக்கொண்டு போனேன்.

மாரியில் தரவை முழுக்கத் தண்ணீர் நிற்பதையும், நாரைகள் வந்து இறங்குவதையும், தண்ணீர் வற்றியதும் அறுகும் கோரையும் முளைப்பதையும் ரீச்சர் நன்றாகத்தான் சொன்னார். பிறகு வரலாறு தொடங்கியது. "முற்காலத்தில் எங்கள் மூதாதையர் பட்டி பட்டியாக மாடு வளர்த்தார்கள். தங்கள் மாட்டை அடையாளம் காணக் குறி சுட்டார்கள். இந்தத் தரவையில் மேய விட்டார்கள்."

"ரீச்சர், நான் இப்பவும் விடுறனல்லோ," என்றார் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். சிவலை என்கிற கிழட்டுப் பசு, ஒன்றுக்கும் அலட்டிக்கொள்ளாமல் போய்க் கல்லில் கழுத்தைத் தேய்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மாமா முன்னுக்கு வந்தார்.

"உந்தக் கல்லைப் பாருங்கோ. எவ்வளவு பெறுமதியான சாமான்! வெயிலிலையும் மழையிலையும் கிடந்து வீணாப் போகுது. பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் வைச்சா வாற பிள்ளையள் எல்லாம் பாத்துப் படிக்குங்கள்."

"அப்ப மாடு எங்கை உரஞ்சிறது?" என்று பெரியம்மா கேட்டார். "தம்பி, இது ஊர்க்கல்லடா."

"அக்கா, பள்ளிக்கூடமும் ஊர்தானே."

இதற்கு யார் என்ன சொல்ல முடியும்? பள்ளிக்கூடம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு வாய் அடைத்துப் போகும். கோயிலுக்குக்கூட இரண்டு கட்சி இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. பெரியம்மா ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் கல்லைப் பார்த்தார். "சரி, பிள்ளையளுக்கெண்டா நான் என்னத்தைச் சொல்ல," என்றார். அடுத்த கிழமை உழவு இயந்திரத்தில் சங்கிலி கட்டிக் கல்லை இழுத்தெடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மேளம் என்ன, மாலை என்ன, மாமாவுக்குப் பொன்னாடை என்ன! பெரியம்மா பின் வரிசையில் இருந்து வடை சாப்பிட்டுவிட்டு, மாடு கட்ட நேரமாகிவிட்டது என்று பளிங்கைத் திறந்து வைக்க முன்னமே போய்விட்டார். பின்னேரம் சிவலை, கல் நின்ற குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியதாம். பெரியம்மாதான் தேங்காய்ப் பொச்சால் முதுகைத் தேய்த்துவிட்டாராம்.

கோடை பிறந்ததும் தரவையைச் சுற்றிக் கொங்கிறீற் தூண்கள் முளைத்தன. முள்ளுக்கம்பி வந்தது. ரிப்பர் லொறியில் மண் கொண்டுவந்து கேணியையும் குழியையும் ஒரே மட்டமாக மூடினார்கள். அது மாமியின் வழியில் வந்த முதுசக் காணி, உறுதிப் பத்திரம் இருக்கிறது, துண்டு துண்டாக வெளிநாட்டுக்காரருக்கு விற்கப்போகிறேன் என்று மாமா சொன்னார். பெரியம்மா கிராம சேவகரான விதானையாரிடம் போனார். விதானையார் ஊருக்குப் புதிது. காணி அளக்கிற சேவையரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவோடு நானும் போனேன்.

"அம்மா, இது மேய்ச்சல் தரை எண்டதுக்கு என்ன அடையாளம்?" என்று விதானையார் பெரியம்மாவைக் கேட்டார்.

"இதிலை கேணி இருந்தது. இந்தா, இதிலை கல்லு நிண்டது!" பெரியம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது மண்ணைக் காலால் கிளறினார். பள்ளிக்கூட விழாவில் வடை சாப்பிட்ட அவ்வளவு பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவருக்கு அப்போது பார்த்துத்தான் ரெலிபோன் வந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தக் கல்லு எங்கடை பள்ளிக்கூடத்திலை நிக்குது!" என்று கத்தினேன்.

மாமா என் தலையைத் தடவினார். "ஓம் ஐயா, அது நான் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த கல்லு. வேணுமெண்டாப் போய்ப் பாருங்கோ, எழுதியே கிடக்கு. அக்காவுக்கு வயசு போட்டுது. மாடு ரோட்டிலையும்தான் மேயுது. அதுக்காக ரோட்டை மாட்டுக்கு எழுதிக் குடுக்கிறதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாமா கதைத்தால் யார்தான் சிரிக்காமல் இருப்பது. எனக்கு ஒரு ரொபியும் கிடைத்தது.

அதன் பிறகு மாடுகள் மெய்யாகவே ரோட்டுக்கு வந்தன. கட்டாக்காலி மாடுகள் என்று ஊரே ஏசியது. ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் சிவலை வாசலால் நுழைந்து, நேரே போய்க் கல்லில் கழுத்தைத் தேய்த்தது. நீலப் பெயின்ற் அதன் கழுத்தெல்லாம் அப்பியிருந்தது. காவலாளி தடியோடு ஓடினான். பின்னாலேயே பெரியம்மா கயிற்றோடு வந்தார். சங்கக் கூட்டம் முடிந்து மாமா மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. பளிங்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்."

என் வாசிப்பைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன். "முற்காலத்தில் எமது ஊரில் மாடு மேய்த்தோரின் ஞாபகச் சின்னம். உபயம்..." என்று மாமாவின் பெயரை முதலெழுத்துகளோடு அழகாக உச்சரித்தேன்.

"எந்த இடத்திலையிருந்து எடுத்தது எண்டு போடேல்லையோ?"

"இல்லை, பெரியம்மா."

"இன்னொருக்கா வாசி. பலமா. தம்பிக்குக் கேக்கேல்லைப் போலை."

மாமாவுக்குத் தன் பெயரைக் கேட்க ஆசையாக இருக்கும் என்று எண்ணி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். முடித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். மாமா மோட்டார் சைக்கிளை உதைத்து ஏறிப் போய்விட்டார். இவ்வளவு நன்றாக வாசித்தும் ஒரு ரொபி தராமல் போகிறாரே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பெரியம்மா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். 

"அழாதை, என்ரை குஞ்சு," என்றார். "இந்த ஊரிலை எனக்காக நீ ஒருத்தியாவது அழுதியே. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அடுத்த கிழமை, விற்ற மாடுகளை ஏற்ற லொறி வந்தது. பெரியம்மா சாகும்வரை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த அழுகையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.