கப்பித்தான் கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்திகள்

எங்கள் அப்பா அவர்கள் கண்மூடி இன்றோடு ஓராண்டு. திருப்பலிக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் ராயபுரத்து நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். "அக்கா, அப்பாவப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுது. பழசக் கிளறாத" என்று மஸ்கட்டிலிருந்து தம்பி போனில் சொன்னான். அந்த நாலையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்பா குடிக்காதவர். லஞ்சம் வாங்காதவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். எங்கள் இருவரையும் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தவர். நான்கும் சத்தியம். தம்பி விரும்பினால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பா பிறந்தது ராயபுரத்தில், காசிமேட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து வீட்டில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பாவும் பதினெட்டு வயதில் அங்கேயே கூலியாகச் சேர்ந்தார். பிறகு கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த உயரத்துக் கூண்டில்தான் அவருக்கு வேலை. மழையிலும் வெயிலிலும் ஏணி ஏறி உழைத்தார், ஒரு நாள் கூட ஒரு சரக்கைத் தவறவிட்டதில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். "மேலேர்ந்து பாத்தா மனுசன்லாம் எறும்பு மாரி கீறான்" என்று சாப்பிடும்போது எங்களிடம் சொல்வார். தரைக்கு இறங்கிய பிறகும் அவர் மனிதர்களை அப்படித்தான் பார்த்தார்.

எங்கள் குடும்பப் பெயர் அல்மெய்டா. தாத்தாவுக்கு அது ரேஷன் கார்டில் இருக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு வெளிநாட்டு மாலுமி அப்பாவின் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் படித்துவிட்டு, அது போர்த்துக்கல் நாட்டுப் பெயர் என்று சொல்லி, தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் கப்பல் மறுநாளே கிளம்பிவிட்டது. அப்பா மட்டும் அந்தத் தட்டலிலிருந்து கடைசி வரை மீளவே இல்லை. அன்று இரவே அம்மாவிடம், "நாம வெள்ளக்காரன் வம்சம்டி" என்றார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மற்ற பிள்ளைகள் ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போவார்கள். நானும் தம்பியும் பழைய கல்லறைகளுக்குப் போனோம். கையில் பிளாஸ்டிக் வாளி, தேங்காய் நார், துணி துவைக்கும் பிரஷ். அப்பா எந்தக் கல்லைக் காட்டுகிறாரோ அதை நாங்கள் பாசி போகத் தேய்க்க வேண்டும். எழுத்துத் தெரிந்ததும் அவர் மெல்லிய தாளை மேலே விரித்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார். இப்படி மூன்று வருடம் யார் யார் கல்லையோ தேய்த்த பிறகு, நகரத்தின் தென்புறத்தில் ஒரு பழைய கோயிலில், பாய்மரக் கப்பல் செதுக்கிய ஒரு கல் அகப்பட்டது. அதில் அல்மெய்டா என்று இருந்தது. முன்னால் கப்பித்தான், அதாவது கப்பல் தலைவன், என்ற பட்டம். அப்பா கல்லின் மேல் குப்புற விழுந்து முத்தமிட்டார். திரும்பும் வழியில் ஆட்டுக்கறி வாங்கினார்.

மறுவாரமே கூடத்துச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஏறியது. உச்சியில் கப்பித்தான். அடியில் தாத்தா, அப்பா, தம்பி. நடுவில் யார் யார் என்று தெரியாததால் பென்சிலில் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் தேடுவதே அப்பாவின் வாழ்நாள் ஆராய்ச்சி ஆனது. எந்தெந்த ஆயர் இல்லத்துக்கோ கடிதம் எழுதினார், பழைய சொத்துப் பத்திரங்களைப் புரட்டினார். சந்தில் அவருக்குச் சட்டைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்கார ரத்தம் கலந்தவர்களைச் சென்னையில் அப்படிச் சொல்வார்கள். கிண்டல்தான். அப்பா அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தச் சார்ட்டில் அம்மாவின் பெயர் கிடையாது. அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்று இருந்தது. அம்மா எண்ணூர்க்காரி. அவளுடைய அப்பா முகத்துவாரத்துச் சேற்றில் முட்டி போட்டு, கையால் துழாவி இறால் பிடித்தவர். அவரும் அவர் மனைவியும் எண்ணூர்க் கல்லறையில் கிடக்கிறார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பா எங்களை இரண்டு பஸ் மாற்றிக் கப்பித்தானிடம் கூட்டிப்போவார். பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாம் அந்த முகம் தெரியாத மனிதனுக்கு. "ஒரு தபா எங்கப்பன் கல்லறைக்கும் போய்க்கினு வந்துர்லாமே" என்று அம்மா கேட்டாள். நானே மூன்று முறை காதால் கேட்டேன். "எறாக்காரனுக்கு மெழுகுவத்தி ஒரு கேடா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. கப்பித்தான் கல்லில் வத்தியை ஏற்றிவிட்டு, தன் அப்பா பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வாளாம். சாகும் முன் என்னிடம் சொன்னாள்.

நான் அம்மா நிறம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஊர் என்பதால் அப்பா எனக்கு 'எண்ணூர் சாம்பல்' என்று பெயர் வைத்தார். விருந்தாளிகள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். "சாம்பலு, தண்ணி கொண்டா." சிரித்துக்கொண்டே சொல்வார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவர்களில் சிலர் இன்றும் வந்திருக்கிறீர்கள்.

எனக்கு இருபத்து நான்கு வயதில் அந்தோணி வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அந்தோணி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அடுத்த தெரு, அதே கோயில் பங்கு. நாங்கள் இருவரும் பேசி வைத்த பிறகுதான் வந்தார்கள், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் அம்மா பழத்தட்டோடு கூடத்தில் நின்றாள். அப்பா உட்காரச் சொல்லவில்லை. அந்தோணியைச் சார்ட் முன்னால் நிறுத்தினார்.

"இதுல ஒன்ன எங்க எழுதுறது? எடம் காட்டு."

அந்தோணி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அவன் அம்மாதான், "எங்க பேரும் கோயில் புக்குல கீதுண்ணே" என்றாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "வல நாத்தத்த கப்பித்தான் வூட்டுக்குள்ள இட்டாந்துட்டு பேச்சப் பாரு. தட்ட எடுத்துகினு நட." அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோழைத்தனம் என்னுடையது, அதை அப்பா தலையில் போடமாட்டேன். அதன் பிறகு வந்த வரன்களுக்கும் அதே சார்ட், அதே கேள்வி. பிறகு வரன்கள் வருவது நின்றது. எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயது.

அம்மா இறந்தபோது நினைவு மலரை அப்பாவே எழுதினார். 'ராயபுரத்தில் நற்குடியில் பிறந்து' என்று அச்சாகி வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதை நின்றபடியே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் எண்ணூர் பஸ் ஏறினார். மாமா, இன்று நீங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மா எண்ணூரில் பிறந்தவள். இந்த மலரில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போனதும், ஆராய்ச்சி என் தலையில் விழுந்தது. நான் துறைமுகத்துக்கு வெளியே சரக்கு அனுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தாள் பார்ப்பது எனக்குப் பழக்கம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. போர்த்துக்கீசு எழுத்து படிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஒரு சாமி உதவிக்கு வந்தார். நான்கைந்து மாதச் சனிக்கிழமைகள், தாத்தாவிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் போனோம். பென்சில் புள்ளிகளுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. கடைசியில் ஒரு பக்கத்தில் வந்து நின்றோம்.

அந்தப் பக்கம் முழுக்க ஒரே நாள் ஞானஸ்நானம். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்த குடும்பங்கள். முதல் பெயர் எங்கள் முன்னோருடையது. தொழில், படகு தள்ளுகிறவர். அவர் அப்பா பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர். கப்பித்தான் அல்மெய்டா அந்தப் பக்கத்தில் எல்லார் பெயருக்கும் நேரே இருந்தார், ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பாளியாக நிற்கும் ஞானத்தகப்பனாக.

"அந்தக் காலத்துல ஞானத்தகப்பன் பேரத்தாம்மா ஞானப்புள்ளைங்களுக்கு வைப்பாங்க. அன்னிக்கு இவரு ஒருத்தரே எல்லாருக்கும் நின்னிருக்காரு. அதான் பக்கம் பூரா அல்மெய்டா" என்றார் சாமி.

எனக்கு இது புரியாமல் இல்லை. கண்டெய்னர் மேலே கப்பல் கம்பெனியின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் வெங்காயம் நாசிக் விவசாயியுடையது. இதைத் தினமும் பார்க்கிறவள் நான். 'எங்க பேரும் கோயில் புக்குல கீது' என்று அந்தோணியின் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது; அந்தப் பக்கத்தின் மற்ற வரிகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கீழ்நோக்கித் தேடினோம். நாலாவது வரி நேரே வந்து அந்தோணியின் தாத்தாவில் முடிந்தது. நடுவில் எவரோ ஒரு கோயில் கணக்கப்பிள்ளை குடும்பப் பெயரை எழுதாமல் விட்டதால் அவர்களிடம் அது நின்றுபோயிருந்தது. அவர்களும் படகு தள்ளியவர்கள்.

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். "ஏம்மா?" என்று சாமி கேட்டார். "ஒண்ணுமில்ல சாமி" என்றேன். பக்கத்தைப் போனில் படமெடுத்து, பெரிதாக அச்சடித்துப் பீரோவில் வைத்தேன். அப்பாவிடம், "இன்னும் கெடைக்கலப்பா" என்று சொன்னேன்.

இரண்டு வருடம் அப்படியே சொன்னேன். ஏன் என்று கேட்பீர்கள். அப்போது அவரால் எழுந்து நடக்க முடிந்தது. தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். அவர் எங்கேயும் போக முடியாத ஒரு நாளுக்காக நான் காத்திருந்தேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். நான் அவர் மகள்தானே.

அந்த நாள் வந்தது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பியது. குளிப்பாட்டத் தூக்குவதற்கு வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே தினமும் காலையில் வந்தவர் அந்தோணி. அவர் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்புவார். எட்டு மாதம் தூக்கியவரை அப்பா ஒரு நாள் கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஆளு வந்துட்டானா?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி குடித்துத் தெளிவாக இருந்தார். அந்தோணி அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தார். நான் அப்பாவின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தாளை முன்னால் விரித்தேன்.

"அப்பா, கப்பித்தான் நம்ம பாட்டன் இல்ல. ஞானத்தகப்பன். பேரு மட்டும் குடுத்தாரு. மொத வரி நம்ம ஆளு, படகு தள்றவரு. நாலாவது வரி, இதோ ஒங்களப் புடிச்சிகினு நிக்கிறாரே, இவுரு ஆளு. அதே நாளு, அதே தொழிலு, அதே பேரு."

அப்பா தாளைப் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பி அந்தோணியைப் பார்த்தார்.

"இவனும் அல்மெய்டாவா?"

"ஆமா."

"அப்ப எனக்கு அந்தப் பேரு வாணா. கல்லுல போடாத. சார்ட்டக் கயட்டு."

அவ்வளவுதான். எச்சில் துப்புவது போலத் துப்பிவிட்டார். நாற்பது வருடக் கல்லறைத் தேய்ப்பு, அம்மாவின் பெயர், என் கல்யாணம், எல்லாவற்றையும் தின்ற அந்தப் பெயரை ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் விட்டுவிட்டார். அவருக்குக் கப்பித்தான் மேல் ஆசையே இருந்ததில்லை. தனக்குக் கீழே நாலு பேர் நிற்க வேண்டும், அதற்குத்தான் கப்பித்தான். அவர் அழாத அன்று நான்தான் அடுக்களையில் நின்று அழுதேன். பழி வாங்கப் போய் எனக்குக் கிடைத்தது அதுதான்.

தாளை அந்தோணியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? என் பொண்ணுக்கே கல்யாணமாயி பேரன் பொறந்துட்டான். வுடு. அவரு சாய்றாரு பாரு, தலகாணிய இப்டிக் குடு" என்றார்.

அதன் பிறகு அப்பா பதினொரு நாள் இருந்தார். என்னோடு பேசவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில் போனால் வாயை மூடிக்கொண்டார். "சாம்பல் கையால வாணா" என்று அந்தோணியிடம் சொன்னார். என்னைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அந்தோணி ஊட்டினார். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் மூச்சு நின்றது.

அவசரமாக விமானம் பிடித்து வந்த தம்பிக்கும், கடைசி ஜெபம் சொன்ன பங்குச் சாமிக்கும், பதிவேடு படித்துக் காட்டிய சாமிக்கும், ஐஸ் பெட்டி வைக்க வாசலை ஒழித்துக்கொடுத்த சந்துக்காரர்களுக்கும், பழையதை மறந்து எண்ணூரிலிருந்து கோடித் துணியோடு வந்த மாமாவுக்கும், எட்டு மாதம் கஞ்சி அனுப்பிய அந்தோணியின் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டியின் தலைமாட்டை, கோயிலிலிருந்து குழி வரை தோள் மாற்றாமல் சுமந்தவர் அந்தோணி. அவருக்கு நன்றி சொல்லும் தகுதி இந்தக் குடும்பத்துக்கு இல்லை. வணங்குகிறேன்.

கல் வெட்டுகிறவர் போன மாதம் என்ன எழுதுவது என்று கேட்டார். "அது அப்பாவோட கடைசி ஆசக்கா, பேரப் போடாத" என்றான் தம்பி. அம்மாவுக்கும் ஓர் ஆசை இருந்தது, மூன்று முறை கேட்டாள். அதனால் முதலில் அம்மாவின் கல்லில், பெயருக்குக் கீழே 'பிறந்த ஊர் எண்ணூர்' என்று வெட்டச் சொன்னேன். அந்தோணியின் அம்மாவும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். அவள் கல்லில் குடும்பப் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "எங்கம்மாக்கு அவ பேரே போதும்" என்று அந்தோணி சொல்லிவிட்டார். தாத்தா கல்லிலும் அம்மா கல்லிலும் அவரவர் பெயர் மட்டும்தான். ஆகவே எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயர் இப்போது ஒருவருக்கு மட்டும்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் போய்ப் பாருங்கள். அப்பா அவர்களின் கல்லில் அல்மெய்டா என்று வெட்டியிருக்கிறேன். எழுத்து பெரிது. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

இப்படிக்கு,
மூத்த மகள்