பார்க் எக்ஸ்டென்ஷன் கவர்னர்

அன்ரெனாவின் இடது கொம்பை யன்னல் பக்கம் திருப்பி, வலது கொம்பில் ஈயத்தாளைச் சுற்றி, அதன் நுனியில் ஒரு தேக்கரண்டியைக் கொளுவுகிறார் எமிலியானுஸ். திரையில் பேளிங்டன் நகரத்துச் செய்தி வாசிப்பவரின் முகம் தெளிகிறது. “ஆ, வந்திட்டார்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியோடு கதிரையில் உட்காருகிறார். மொன்றியலில் பத்து வருடங்களுக்கு மேலாக அவர் பார்ப்பது எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கச் செய்தியைத்தான். வெர்மொன்ற் மாநிலத்தில் பனி கொட்டுமென்றால் இங்கே சப்பாத்தை மாற்றிவிடுவார். அங்கே பால்மாட்டுக்காரர் நட்டப்பட்டால் இவருக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பைத்தியம் பிடித்தது 1991 ஆவணியில். கனடாவுக்கு வந்து மூன்றே வாரம். யாரோ தெருவில் போட்டிருந்த ரீவியைத் தூக்கிவந்து கொளுவினால், முதல் படமே ஒரு ஆளுநரின் மரணச்செய்தி. பதவியில் இருக்கும்போதே மனுசன் போய்விட்டார். தங்களை ஏற்றுக்கொண்ட ஊரின் பெரியவர் என்று நினைத்து எமிலியானுஸும் மனைவி செலீனும் மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தார்கள். அவர் வேறு நாட்டு ஆளுநர் என்பது ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவந்தது. செலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். எமிலியானுஸ் சிரிக்கவில்லை.

“ஒருக்காச் செபிச்சாச்சு. இனிக் கைவிடேலாது” என்றார்.

அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கொருமுறை வரும் ஆளுநர் தேர்தல் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. அவர்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருக்குக் கவர்னர் என்றே பெயர் விழுந்துவிட்டது. பகலில் உடுப்புத் தொழிற்சாலையில் சேர்ட் கொலர்களுக்கு அயன் போடுகிற வேலை. ஆவி சீறும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு பாவமும் அறியாத ஹெயிற்றிப் பெண்களுக்கு வெர்மொன்ற் அரசியலை விளங்கப்படுத்துவார். அந்த மாநிலத்தில் ஒரு நாளாவது கால் வைத்திருக்கிறாரா என்றால் அதுதான் இல்லை. விசா எடுத்து ஒருமுறை போய்ப் பார்க்கலாமே என்று கேட்டால், “பாத்தாப் பிறகு மதிப்புப் போயிடும்” என்பார்.

2002 தேர்தல்தான் அவரைக் கெடுத்தது. மூன்று பேர் நல்லாய் வாக்குப் பிரித்ததில் ஒருவருக்கும் பாதி தேறவில்லை. அப்படி நடந்தால் ஜனவரியில் மாநிலச் சட்டசபை கூடி ஆளுநரைத் தெரிவுசெய்யவேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆனால் இரண்டாவதாக வந்தவர் அதுவரைக்கும் இழுக்கவில்லை. முதலாவதாக வந்தவருக்குப் போன் எடுத்து, நீங்களே ஆளுநர் என்று தோல்வியை ஏற்று ஒதுங்கிக்கொண்டார். எமிலியானுஸ் உருகிப்போனார். தலைமயிர் வெட்டுகிற கடையில், பஸ் தரிப்பில், பூசை முடிந்த வாசலில், எங்கும் இதே கதைதான். அந்த மனுசன் கட்டாயம் டை கட்டிக்கொண்டுதான் போன் எடுத்திருப்பார் என்பதும் எமிலியானுஸின் முடிவு.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? மார்கழி மாதம் பங்குக் கோயிலின் அந்தோனியார் திருநாள் சபைக் கூட்டத்தில் எழும்பி, வெர்மொன்ற் சட்டம் இங்கேயும் வேண்டும் என்றார். தலைவர் தெரிவில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பழைய நிர்வாகசபை ஏழு பேரும் கூடித் தீர்மானிக்கவேண்டும். பங்குச் சுவாமியாருக்குப் பசி. தலையாட்டிவிட்டார்.

அந்தத் தலைவர் பதவி எமிலியானுஸின் நெடுநாள் ஆசை என்பது ஊருக்கே தெரியும். திருநாள் ஊர்வலத்தில் அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் கொடி பிடித்து நடப்பவர் தலைவர். பதினொரு வருடமாக எமிலியானுஸ் நடப்பது கடைசியில். சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டியில் ஒலிபெருக்கிப் பற்றரியை வைத்து, உருளாத ஒரு சில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருவார். ஒரே ஒருமுறை முன்னால் நடந்தால் போதும் அவருக்கு.

ஜனவரியில் ஒரு ஞாயிறு வாக்கெடுப்பு நடந்தது. மேல்வீட்டு அருமைநாதனுக்கு இருபத்தொன்று. எமிலியானுஸுக்குப் பத்தொன்பது. வின்சன்டுக்கு ஆறு. மொத்தம் நாற்பத்தாறில் ஒருவருக்கும் பாதி இல்லை. அடுத்த ஞாயிறு பழைய நிர்வாகசபை கூடும் என்று சுவாமியார் அறிவித்தார். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் எமிலியானுஸோடு சனிக்கிழமை தோறும் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடுகிற கூட்டாளிகள். வாசலில் ஒவ்வொருவராக வந்து அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கொடி கைக்கு வந்த மாதிரித்தான்.

வீட்டுக்கு வந்து சிரித்த முகத்தோடு சாரத்துக்கு மாறினார். செலீன் கணவாய்க் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவுமில்லை.

“இஞ்சேருங்கோ, உங்கட வெர்மொன்ற்காரர் ஜனவரி வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவரோ?”

அவ்வளவுதான் கேட்டாள். எமிலியானுஸ் ரீவியைப் போட்டார், நிற்பாட்டினார். தேக்கரண்டியைக் கழற்றித் துடைத்துத் திரும்பக் கொளுவினார். அது வேறு நாடு, இது வேறு நாடு என்றார். அங்கே ஆளுநர், இங்கே அந்தோனியார் என்றார். சட்டம் சட்டம்தானே, அதை நான் மீறவில்லையே என்றும் சொல்லிப் பார்த்தார். மேலே அருமைநாதன் நடக்கிற சத்தம் கேட்டது. அந்த மனுசனுக்கும் இதே கதையைப் படிக்கட்டில் மறித்து வைத்து இரண்டுமுறை சொன்னவர் எமிலியானுஸ்தான். அவன் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். காலையில் மட்டும் “என்ன கவர்னர்” என்பான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் அவர் வெர்மொன்றைப் பற்றி மூச்சு விடவில்லை. சுகமில்லையோ என்று ஹெயிற்றிப் பெண்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து சாரத்துக்கு மாறியவர் அயன் பலகையை விரித்தார். கலியாணவீட்டு வெள்ளைச் சேர்ட்டை எடுத்துத் தண்ணி தெளித்து, கொலரைக் கத்தி மாதிரி தேய்த்தார். இருக்கிற ஒரே டையைக் கட்டினார். கீழே அதே சாரம், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியபடி.

“எங்க வெளிக்கிடுறியள்?”

“ஒரு இடமும் இல்லை. நான் விலகிறன் எண்டு அருமைநாதனுக்குச் சொல்லவேணும்.” நெஞ்சுக்குள் பதினொரு வருடத்துத் தள்ளுவண்டி கிடந்து கரகரத்தது.

செலீன் அகப்பையை வைத்துவிட்டு வந்து டையின் முடிச்சை நிமிர்த்திவிட்டாள். மேலேதானே இருக்கிறார், பத்துப் படி ஏறிப்போய் நேரே சொல்லலாமே என்றாள்.

“அது முறையில்லை. போனிலதான் சொல்லவேணும்.”

இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். தலைக்கு மேலே போன் அடிப்பது கூரையூடாகக் கேட்டது. காலடிச் சத்தம் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து நின்றது. “ஹலோ” என்ற குரல் மேலிருந்தும் காதுக்குள்ளும் ஒன்றாக வந்தது.

எமிலியானுஸ் கதிரையை விட்டு எழுந்தார். ஒரு கையில் போனைப் பிடித்தபடி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மற்றக் கையால் அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.